கால் டிக்கெட்

எங்கள் டிப்போவில் யாரைக் கேட்டாலும் அவனை ரைட்டு என்றுதான் சொல்வார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் இருக்கிறது, அதோடு சரி. அவன் கண்டக்டர், நான் டிரைவர். என் முதுகுக்குப் பின்னாலிருந்து "போலாம், ரைட்" என்று அவன் கொடுக்கும் குரல் எதிர்ச்சாரி டீக்கடையில் தூங்குகிறவனையும் எழுப்பி உட்கார வைக்கும். ஆளைப் பார்த்தால் ஊதினால் பறந்துவிடுவான். அந்த உடம்புக்குள் அந்தத் தொண்டையை எங்கே மடித்து வைத்திருக்கிறான் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

விசில் எல்லாக் கண்டக்டரிடமும் இருக்கிறது. ஒன்று ஊதினால் நிற்க வேண்டும், இரண்டு ஊதினால் கிளம்ப வேண்டும். ரைட்டுக்கு விசில் மேல் மரியாதை கிடையாது. "விசில் காத்தைத்தான் ஊதும் மச்சான், நான் பாத்துட்டுச் சொல்றேன்" என்பான். கடைசி ஆள் படியை விட்டு மேலே ஏறியாயிற்றா, யாருடைய பையாவது கதவில் மாட்டிக்கொண்டிருக்கிறதா, எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் அந்தச் சொல் வரும். வந்தால் என் வலது கால் தானாக மிதிக்கும். காதுக்கும் காலுக்கும் நேர் ரோடு, நடுவில் மூளை என்று ஒரு ஸ்டாப்பே கிடையாது.

மச்சான் என்று அவன் கூப்பிடுவது வாய்வார்த்தைக்கு இல்லை. என் தங்கச்சியைக் கட்டியவன் அவன். நான் அவளைக் கிணற்றில் தள்ளிவிட்டேன் என்று அவள் சொல்வாள். தள்ளியது அவனை என்று நான் சொல்வேன். அவள் எங்கள் ரூட்டிலேயே ஒரு தையல் கம்பெனியில் வேலை பார்த்தாள். தினமும் காலையில் எங்கள் பஸ்தான். கதவுக்குப் பக்கத்து ஸீட்டில், புருஷன் தொண்டைக்கு நேர் கீழே உட்கார்ந்து வருவாள். முன்பே இரண்டு கரு தங்காமல் போய், மூன்றாவது நின்றபோதும் அந்த ஸீட்டை அவள் மாற்றவில்லை. "உள்ள இருக்குறது செவிடாப் போயிடும்டி" என்று நான் சொன்னால், "இப்பவே பழகிக்கட்டும், வெளிய வந்தாலும் இதைத்தான கேக்கணும்" என்பாள்.

ஆறாம் மாதம் முடிவதற்குள் மிஷினில் உட்கார்ந்திருக்கும்போதே வலி எடுத்துவிட்டது. பெண் குழந்தை. டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் வராந்தாவில் நிறுத்தி, சுற்றி வளைக்காமல் சொன்னார். "நுரையீரல் இன்னும் முழுசா ஆகல. தோல் ஆகல. குடல் ஆகல. இன்னைக்கு இருக்கா. நாளைக்கு இருப்பான்னு என்னால சொல்ல முடியாது." நான் அவர் மேல் கோபப்பட்டேன். ஒரு பொய் சொன்னால் என்ன குறைந்துவிடும் இந்த அம்மாவுக்கு என்று தோன்றியது. ரைட்டு மட்டும் தலையை ஆட்டி, "சரிங்க, சரிங்க" என்று சில்லறை வாங்கிக்கொள்கிறவன் மாதிரி கையை நீட்டிக்கொண்டே நின்றான்.

குறைமாதக் குழந்தைகளின் அந்த வார்டுக்குள் தாய் தகப்பனைத் தவிர யாரையும் விடமாட்டார்கள். தாய்மாமனாக இருந்தால் என்ன, ஜன்னல் கண்ணாடிதான். எனக்குத் தெரிந்ததில் பாதி அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தது, பாதி ரைட்டு வந்து சொன்னது. உள்ளே வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகள். மூன்றாவது பெட்டியில் ஒரு குல்லா, அதற்குக் கீழே குழாய்கள், பிளாஸ்திரி, வயர்கள். குழந்தை எங்கே என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பஸ்காரர்கள் நாங்கள் சின்னப் பிள்ளைகளை அரை டிக்கெட் என்போம். இது அதிலும் பாதி.

"மாப்ளே, இது கால் டிக்கெட்டுடா" என்றேன்.

அவன் சிரித்துவிட்டான். சிரித்த வாயை மூடத் தெரியாமல் அப்படியே அழுதான். அன்றிலிருந்து அவள் எங்களுக்குக் கால் டிக்கெட்.

முதல் நாளே அவன் மானத்தை வாங்கிவிட்டான். முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுத் தேய்த்து, நகத்துக்குள் இருந்த காசு அழுக்கை எல்லாம் பிரஷ்ஷால் எடுத்து, இரண்டு கையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனான். பெரிய சிஸ்டர் பெட்டியின் பக்கத்தில் இருந்த வட்டக் கதவைத் திறந்து, "ஒரு விரல் மட்டும் வைங்க, தடவாதீங்க, சும்மா வச்சிருங்க" என்றாள். இந்தப் பாவி என்ன செய்தான் தெரியுமா? விரலை நாக்கில் தொட்டான். காலமெல்லாம் எச்சில் தொட்டு டிக்கெட் கிழித்த விரல். பிள்ளை என்று பார்க்குமா, டிக்கெட் என்று பார்க்குமா? பெரிய சிஸ்டர் அவன் மணிக்கட்டைப் பிடித்துக் குழாயடிக்கே திருப்பி அனுப்பினாள். கண்ணாடிக்கு வெளியே நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அதோடு விட்டதா? மறுபடி கழுவிக்கொண்டு வந்து விரலை உள்ளே வைத்தான். கால் டிக்கெட் அந்த விரலைப் பிடித்தாள். பிடித்தாள் என்றால் நகத்தின் மேல் அவள் கை மொத்தமும் படிந்தது, அவ்வளவுதான். அவன் மூச்சு விடாமல் நின்றான். நேரமாயிற்று என்று சிஸ்டர் சைகை காட்டினாள். விரலை எடுத்தான். வட்டக் கதவு டக்கென்று மூடியது.

கதவு மூடுகிற சத்தம் கேட்டால் ஒரு கண்டக்டர் வாயில் என்ன வரும்?

"போலாம், ரைட்."

முழுக் குரல். கண்ணாடியைத் தாண்டி எனக்கே கேட்டது. உள்ளே பெட்டி பெட்டியாகக் குழந்தைகள் உதறின, மிஷின்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கத்தின, சிஸ்டர்கள் நாலா பக்கமும் ஓடினார்கள். மூன்றாவது பெட்டிக்கு மேலே டிவி மாதிரி இருந்த மிஷினில் நாடித் துடிப்பு எண் சரசரவென்று இறங்கியது. அது திரும்ப ஏறுவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ரைட்டு இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றான்.

தங்கச்சி அப்போது வாசலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் இருந்தாள். அவள் பெட்டிக்குப் பக்கத்தில் போவதே இல்லை. "பாத்தா ஒட்டிக்கும்ணே, ஒட்டிக்கிட்டா அப்புறம் பிய்க்கணும்" என்பாள். பாலை மட்டும் பீஸ் ரேட்டு வேலை மாதிரி நேரத்துக்கு நேரம் பீய்ச்சி, சொட்டுச் சொட்டாகச் சின்னப் பாட்டிலில் சேர்த்து, புருஷன் கையில் கொடுத்தனுப்புவாள். அன்று அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எழுந்து வெளியே வந்தாள். பின்னாலேயே வந்தவனிடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"போலாம்னு சொல்லிட்டீங்களே" என்றாள். "வீட்ட விட்டுக் கிளம்பும்போதுகூடப் போறேன்னு யாரும் சொல்றதில்ல, வரேன்னுதான் சொல்றோம். பெத்த அப்பன் வாயிலேர்ந்து, முதல் நாளே."

"பழக்கம்மா. வாய் தவறி வந்துடுச்சு."

"இனிமே அந்த வார்த்தை உங்க வாயில வரக்கூடாது. எங்கயும் வரக்கூடாது."

எங்கேயும் என்றால் எங்கேயும்தான் என்று அவன் எடுத்துக்கொண்டான். மறுநாள் முதல் பஸ்ஸில் விசில்தான். சந்தைக் கூட்டத்தில் விசில் எங்கே கேட்கிறது? பின்னால் ஹாரன் அடித்துக் கிழிக்கிறான்கள், நான் கிளம்பலாமா வேண்டாமா என்று கண்ணாடியில் கழுத்தை முறித்துக்கொண்டிருக்கிறேன். "என்ன கண்டக்டர், தொண்டை கட்டிக்கிச்சா" என்று பிரயாணிகள் வேறு கேலி. ஒரு நாள் பொறுக்க முடியாமல் வண்டியை ஓரம் கட்டி எழுந்து திரும்பினேன்.

"சொல்லித் தொலைடா. உன் வாயில என்ன பூட்டா போட்டுருக்கு?"

அவன் விசிலை வாயிலிருந்து எடுக்காமலே என்னைப் பார்த்தான். கண்ணில் தண்ணீர் நின்றது. நான் போய் என் ஸீட்டில் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு படியை நானே கண்ணாடியில் பார்த்து ஓட்டினேன், விசில் கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

ஆஸ்பத்திரி ஸ்டாப் எங்கள் ரூட்டிலேயே இருந்தது. ஷிப்ட் முடிந்ததும் டிப்போவில் வண்டியை விட்டுவிட்டு இரண்டு பேரும் அடுத்த பஸ் பிடித்து அங்கே போய்விடுவோம். ஒரு நாள் மூச்சு மிஷினின் வேகத்தைக் குறைத்தார்கள். அடுத்த நாள் கூட்டினார்கள். தலைக்குள் ரத்தக் கசிவு என்றார்கள். டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும் அதே முகத்தோடு, "இன்னைக்கு இருக்கா" என்பார். எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். ரைட்டுக்கு அதுவே போதுமாக இருந்தது. அதைக் கேட்டுவிட்டுத்தான் கை கழுவப் போவான்.

ஒரு மத்தியானம் பெரிய சிஸ்டர் அவனைச் சட்டையைக் கழற்றச் சொன்னாள். வெறும் நெஞ்சில் குழந்தையைப் படுக்க வைத்துக்கொள்ள வேண்டுமாம், கங்காரு பையில் குட்டியை வைத்துக்கொள்வது மாதிரி. முதலில் தாயைத்தான் கேட்டிருக்கிறார்கள். தங்கச்சி மாட்டேன் என்று நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுவிட்டாள். சாய்வு நாற்காலியில் ரைட்டைச் சாய்த்து, வயர், குழாய் எல்லாவற்றோடும் கால் டிக்கெட்டைத் தூக்கி அவன் நெஞ்சில் கவிழ்த்து, மேலே துணியைப் போர்த்தினார்கள். எலும்பும் தோலுமான அந்த நெஞ்சில் இடம் தாராளமாகத்தான் இருந்தது.

"ஏதாவது பேசுங்க, சன்னமா" என்றாளாம் சிஸ்டர்.

"என்ன பேசுறது சிஸ்டர்? எனக்கு உள்ள போங்க, சில்லறை குடுங்க, இதான் பேசத் தெரியும்."

"அதையே பேசுங்க. உங்க குரல்தான வேணும் அவளுக்கு."

அவன் ரூட்டைச் சொல்ல ஆரம்பித்தான். வேறென்ன தெரியும்? அந்தத் தொண்டையிலிருந்து அப்படி ஒரு கிசுகிசுப்பு வரும் என்று நான் நினைத்ததே இல்லை. டிப்போ. பழைய பாலம். ஸ்கூல் வாசல். ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் நடுவில் ரைட் வரவேண்டிய இடத்தில், ம் என்பான். ஸ்கூல் வாசல், ம். மார்க்கெட், ம். ஆஸ்பத்திரி, ம். தண்ணி டேங்க். அங்கே வந்ததும் திரும்பிவிடுவான். தண்ணி டேங்குக்கு அப்புறம் கடைசி ஸ்டாப். அதை மட்டும் சொல்ல மாட்டான். மறுபடி டிப்போவிலிருந்து தொடங்குவான். "என்னடா, நடு ரூட்டுல வண்டியத் திருப்புற, செக்கிங் வந்தா மாட்டிப்ப" என்று பிறகு கிண்டல் செய்தேன். "கடைசி ஸ்டாப்புன்னு சொல்ல வாய் வரல மச்சான்" என்றான்.

தங்கச்சி தூரத்திலேயே உட்கார்ந்து இதைத் தினமும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. ஒரு நாள் அவன் ஸ்கூல் வாசல் சொல்லி, ம் சொல்லி, மார்க்கெட் என்றபோது அவள் எழுந்து வருவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. பாட்டில் எதுவும் கையில் இல்லை. நேராக அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"தையல் கம்பெனி ஸ்டாப்ப விட்டுட்டீங்க" என்றாள்.

அவன் திருதிருவென்று விழித்தானாம்.

"டெய்லி விடுறீங்க. நாங்க இறங்குற ஸ்டாப்பு அது."

இதை ரைட்டு வராந்தாவில் என்னிடம் நாலைந்து தடவை சொல்லியிருப்பான். "நாங்கன்னா மச்சான். நாங்கன்னு சொன்னா." சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அவ்வளவு சந்தோஷத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? தலைக்குள் ரத்தம், நுரையீரல் இல்லை, இவன் பிள்ளைக்கு ஊரே சொந்தமானது மாதிரி சிரிக்கிறான்.

அதற்கப்புறம் அவர்கள் மாறி மாறி வைத்துக்கொண்டார்கள். அவள் வைத்துக்கொண்டால் அவன் பக்கத்தில் குனிந்து ரூட் சொல்வான், அவள் பிரயாணி. "மெதுவாப் போங்க, அவளுக்கு மூச்சு வாங்குது." "மார்க்கெட்ல நின்னு எடுங்க, எனக்குக் காய் வாங்கணும்." குழந்தைக்கு மூக்கு யாரைப் போல, விரல் யாரைப் போல என்று சண்டை. காது மட்டும் மாமன் காது என்று என் தலையில் கட்டினார்கள். பிளாஸ்திரிக்கு வெளியே தெரிந்தது காதுதான், அதனால் அந்தக் கௌரவம் எனக்கு. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் காதை இழுத்துக் காட்டினேன், தங்கச்சி சிரித்தாள். அங்கே அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பிறகு வயிறு உப்ப ஆரம்பித்தது. முதலில் பாலை நிறுத்தினார்கள். வயிற்றின் தோல் பளபளவென்று ஆகி, நீலம் பாய்ந்தது. நெஞ்சில் வைத்துக்கொள்ளக் கூடாது என்றார்கள். ஆபரேஷன் டாக்டர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, டாக்டரம்மாவோடு ஓரமாக நின்று பேசிவிட்டு, எங்களைப் பார்க்காமல் போனார். பார்க்காமல் போகிற டாக்டரைப் பார்த்தாலே தெரிந்துவிடுகிறது. பீய்ச்சின பாலை என்ன செய்வது என்று தங்கச்சி சிஸ்டரைக் கேட்டாள். சிஸ்டர், "வைங்கம்மா, ஃப்ரிட்ஜ்ல வைங்க" என்றாள். எதற்கு என்று அவளும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

மறுநாள் டாக்டரம்மா மூன்று பேரையும் உட்கார வைத்தார். குடல் செத்துவிட்டது, வெட்டி எடுத்தால் மிச்சம் எதுவும் இருக்காது. "மிஷினை வச்சு இழுக்கலாம். ஆனா வலி அவளுக்குத்தான்" என்றார். இந்தத் தடவை, இன்னைக்கு இருக்கா என்று அவர் சொல்லவில்லை. இத்தனை நாள் நான் வெறுத்த வார்த்தை, அதைச் சொல்லமாட்டாரா என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரைட்டு தங்கச்சியைப் பார்த்தான். அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "வலிக்க வேணாங்க."

பெரிய சிஸ்டர் வெளியே வந்து என்னிடம், "நீங்களும் உள்ள வரலாம்" என்றாள். எவ்வளவு நாளாகக் காத்துக்கிடந்த வார்த்தை அது. சட்டத்தை அவர்களே தளர்த்தினால் கதை முடிந்தது என்று அர்த்தம். வரமாட்டேன் என்று சொல்லிவிடலாமா என்றுகூட இருந்தது. முழங்கை வரைக்கும் கழுவினேன். தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன்.

பக்கத்தில் இருந்த தனி அறையில் கட்டிலில் தங்கச்சி சாய்ந்திருந்தாள். குழாயை எடுத்து, பிளாஸ்திரியை ஈரப் பஞ்சால் கொஞ்சம் கொஞ்சமாக உரித்து, கால் டிக்கெட்டை அவள் நெஞ்சில் வைத்தார்கள். அப்போதுதான் அந்த முகத்தை முழுசாகப் பார்த்தோம். மூக்கு தங்கச்சி மூக்குதான். இத்தனை நாள் போட்ட சண்டையில் அவள் ஜெயித்துவிட்டாள்.

வலிக்கு மருந்து கொடுத்திருந்ததால் அமைதியாக இருந்தாள். மூச்சு வந்தது. நின்றது. மறுபடி வந்தது. ரைட்டு கட்டிலோரம் முட்டி போட்டுக்கொண்டு ரூட்டைத் தொடங்கினான். டிப்போ, ம். பழைய பாலம், ம். ஸ்கூல் வாசல், ம். தையல் கம்பெனி.

"இன்னைக்கு நாங்க இறங்கல" என்றாள் தங்கச்சி. "நீங்க போங்க."

மார்க்கெட். ஆஸ்பத்திரி. தண்ணி டேங்க். அங்கே வந்து நின்றுவிட்டான். திருப்பவும் இல்லை, மேலே போகவும் இல்லை. குழந்தையின் மூச்சு மேலே வருவதற்கு ஒவ்வொரு தடவையும் அதிக நேரம் எடுத்தது. பெரிய சிஸ்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, "இன்னும் இருக்கு" என்றாள். ரொம்ப நேரம் அப்படியே போயிற்று. அந்தச் சின்ன நெஞ்சு ஏறும்போதெல்லாம் வயிறும் இழுத்தது. பார்க்க முடியவில்லை.

"ஏங்க" என்றாள் தங்கச்சி. "காத்துக்கிட்டு இருக்கா அவ."

அவன் நிமிர்ந்தான்.

"வயித்துக்குள்ள இருந்தப்பவே கேட்டுப் பழகினவ. நீங்க சொல்லாம கிளம்ப மாட்டா. நான்தான வேணாம்னேன். இப்ப நானே சொல்றேன், சொல்லுங்க."

"என்னால முடியாதும்மா."

"மெதுவா வேணாம். உங்க குரல்லயே சொல்லுங்க. அவளுக்கு அதான் தெரியும்."

ரைட்டு எழுந்து நின்றான். பாதம் துணிக்குள் இருக்கிறதா என்று பார்த்தான். வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு கையை எடுத்து உள்ளே வைத்தான். எங்கேயாவது வயர் மாட்டியிருக்கிறதா என்று துணியின் ஓரம் முழுக்க ஒரு தடவை தடவிப் பார்த்தான். எல்லாம் பார்த்த பிறகு ஒரு கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"போலாம்" என்றான். குரல் உடைந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னான்.

"போலாம், ரைட்."

டிப்போவில் கேட்கிற அதே குரல். சுவருக்கு அந்தப் பக்கம் வார்டில் ஏதோ ஒரு மிஷின் கத்தத் தொடங்கியது. யாரும் வந்து அவனைத் திட்டவில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்த நான், என்ன செய்கிறேன் என்று தெரிவதற்குள், வலது காலால் தரையை அழுத்தி மிதித்திருந்தேன்.

பெரிய சிஸ்டர் குனிந்து ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டாள். இடம் மாற்றி வைத்துக் கேட்டாள். நிமிர்ந்து தங்கச்சியைப் பார்த்து இல்லை என்று தலையை ஆட்டினாள். என் கால் அப்போதும் மிதித்தபடியே இருந்தது.